வட்டத்தை முட்டையாக்காதீர்!

கடிகாரத்தின் முகம் வட்டமானது. இதைச் சொல்வதற்கு ஒரு கட்டுரை தேவையா என்று கேட்பீர்கள். தேவைப்படுகின்றது! ஏனெனில் நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைத் திரைகளில் வட்டமான கடிகாரத்தைக் காண்பது அரிதாகி வருகின்றது. முட்டை வடிவக் கடிகாரங்கள், கொழுத்துப்போன திருவள்ளுவர்கள், உயரம் குறைந்த இரட்டைக் கோபுரங்கள், பக்கவாட்டில் வீங்கிய தீபகற்ப மலேசியா. இவற்றைத்தான் நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கின்றனர். பார்த்துப் பழகியும்விட்டனர்.

“படம் பெரிதாகத் தெரிந்தால் போதும், ஆசிரியரே!” என்ற சொல்லைப் பயிலரங்குகளில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அந்தச் சொல்லோடுதான் இன்று எனக்கு வழக்கு. படம் பெரிதாகத் தெரிந்தால் போதாது. பெரிதாக்கிய பிறகும் அது அதே படமாக இருக்க வேண்டும். பிழையான படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதைவிட, கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒழுங்காக வரைந்து காட்டுவது மேல். ஆசிரியர் கையால் வரைந்த வட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தால் அது கையால் வரைந்தது என்று பிள்ளைக்குத் தெரியும். திரையில் தெரியும் ஒளிப்படத்தை அது அப்படியே உண்மையென நம்புகின்றது.

கடிகாரத்திலிருந்தே தொடங்குவோம். அகலவாக்கில் மூன்றில் ஒரு பங்கு இழுபட்ட கடிகாரப் படத்தில், 12-க்கும் 1-க்கும் இடையிலான கோணம் 30 பாகையாக இருப்பதில்லை. ஏறத்தாழ 38 பாகையாகிவிடுகின்றது. 2-க்கும் 3-க்கும் இடையில் 23 பாகைதான் மிஞ்சுகின்றது. எல்லா மணிக்கும் சம இடைவெளி உண்டு என்பதைக் கற்பிக்கும் பாடத்தில், ஒன்றுக்கொன்று சமமில்லாத இடைவெளிகளைக் காட்டிவிட்டு, “ஏன் இந்தப் பிள்ளைக்கு மணி பார்க்க வரவில்லை?” என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அங்கலாய்க்கிறோம்.

கோணப் பாடம் இன்னும் மோசம். 45 பாகைக் கோணத்தை அதே அளவுக்கு இழுத்தால் அது 37 பாகையாகின்றது. சமபக்க முக்கோணத்தின் பக்கங்கள் சமமாக இருப்பதில்லை. சதுரம் செவ்வகமாகிவிடுகின்றது. பாகைமானியைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு அருகில் சென்று அளந்து பார்க்கும் துடிப்புள்ள மாணவன் ஒருவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான். அவன் அளந்துவிட்டு, “ஐயா, 37 வருகிறதே” என்றால் நாம் என்ன சொல்கிறோம்? “திரையில் அப்படித்தான் தெரியும், நீ 45 என்று எழுது.” அளந்ததை நம்பாதே, சொன்னதை நம்பு என்று கணிதப் பாடத்திலேயே கற்றுக் கொடுக்கிறோம்!

இந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, அரசாங்கம் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளையும் ஒளிவீழ்த்திகளையும் பாட வட்டுகளையும் கொடுத்தது. அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009-இல் அறிவித்தார்கள். திட்டம் போய்விட்டது, படவில்லைப் பழக்கம் தங்கிவிட்டது. அன்றைய கருவிகள் பெரும்பாலும் 4-க்கு 3 என்ற விகிதத் திரையைக் கொண்டவை. அதற்கேற்றவாறு ஆயிரக்கணக்கான படவில்லைகளைத் தயாரித்து, விரலியில் போட்டு, ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கொண்டோம். பிறகு அகலத்திரை வந்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் மென்பொருளே 16-க்கு 9 என்ற விகிதத்தை இயல்பாக வைத்துக்கொண்டது. பழைய படவில்லையைப் புதிய திரையில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். தெரியட்டுமே! அது குறையன்று, படம் உண்மையாக இருக்கின்றது என்பதற்கு அடையாளம். நமக்கோ அந்தக் கறுப்புப் பட்டை கண்ணை உறுத்துகின்றது. தொலைஇயக்கியை எடுத்து ‘முழுத்திரை’ என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அவ்வளவுதான், வட்டம் முட்டையாகிவிட்டது. 4-க்கு 3-ஐ 16-க்கு 9-ஆக இழுத்தால் அகலம் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடும். கணக்கு அவ்வளவு எளிது.

ஒளிவீழ்த்தியைச் சாய்வாக வைத்தால் சதுரம் சரிவகமாகும் என்பது வேறு கதை. அதற்கும் கருவியிலேயே திருத்தம் உண்டு. இருந்தும் கருவிக்கு அடியில் இரண்டு பாட நூல்களை முட்டுக் கொடுப்பதோடு நம் பணி முடிந்துவிடுகின்றது.

அடுத்தது மங்கல். இணையத் தேடலில் கிடைக்கும் சிறு படத்தை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. படத்தைச் சொடுக்கி, அது இருக்கும் பக்கத்திற்குச் சென்று, முழு அளவுப் படத்தை எடுக்கும் பொறுமை எவருக்கும் இல்லை. தேடல் பக்கத்தில் தெரியும் சிறு படத்தின் அகலம் பெரும்பாலும் 200 முதல் 300 படப்புள்ளிகள்தாம். பிக்சல் என்று எல்லாரும் சொல்வது இந்தப் படப்புள்ளியைத்தான். 275 புள்ளி அகலமுள்ள படத்தை 1920 புள்ளி அகலமுள்ள திரை முழுதும் நிரப்பினால், ஒவ்வொரு பக்கமும் ஏழு மடங்கு நீள்கின்றது. ஒரு புள்ளி இருந்த இடத்தில் 49 புள்ளிகள். அவற்றுள் ஒன்றுதான் படம் எடுத்தவர் தந்தது. மற்ற 48-ம் கணினி அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்பியவை. வகுப்பில் நாம் காட்டுவது படத்தையா, கணினியின் ஊகத்தையா?

சுகாதாரப் பாடத்தில் ஏடிஸ் கொசுவைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். டிங்கிக் காய்ச்சல் நம் குடியிருப்புகளுக்குப் புதிதன்று. ஏடிஸ் கொசுவை மற்றக் கொசுக்களிலிருந்து பிரித்தறிய உதவுவது அதன் கால்களிலும் உடலிலும் உள்ள வெள்ளை வரிகள். மேற்சொன்ன 275 புள்ளிப் படத்தை இரண்டு மீட்டர் அகலத் திரையில் விரித்தால் ஒவ்வொரு படப்புள்ளியும் 7 மில்லிமீட்டருக்கு மேல் வருகின்றது. கொசுவின் உண்மையான நீளமே 4 முதல் 7 மில்லிமீட்டர்தான்! கொசுவை விடப் பெரிய புள்ளிகளால் கொசுவை வரைந்து காட்டுகிறோம். அந்தக் குழப்பத்தில் வெள்ளை வரிகள் எங்கே தெரியும்? சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பூச்சி தெரியும். வீட்டுக்குச் சென்று பூச்சட்டித் தட்டில் உட்கார்ந்திருக்கும் உண்மையான கொசுவைப் பார்க்கும் பிள்ளை, பள்ளியில் பார்த்த பூச்சி இதுவன்று என்றே நினைக்கும்.

முழு அளவுப் படத்தை எடுத்துப் போட்டாலும் சில வேளைகளில் மங்குகின்றதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. பவர்பாயிண்ட், கோப்பைச் சேமிக்கும்போது நாம் கேட்காமலேயே படங்களைச் சுருக்கும் வழக்கமுடையது. பல பதிப்புகளில் அங்குலத்திற்கு 220 புள்ளி என்பது அதன் இயல்பளவு. நீங்கள் நல்ல படத்தை இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மூலையில் ஒட்டிச் சேமிக்கிறீர்கள். அது 440 புள்ளியாகக் குறைகின்றது. மறுநாள் அதையே பெரிதாக்கலாம் என்று படவில்லை முழுதும் இழுக்கிறீர்கள். படவில்லையின் அகலம் 13.33 அங்குலம். இப்போது அங்குலத்திற்கு 33 புள்ளிதான்! குற்றம் படத்தில் இல்லை. விருப்பத்தேர்வுகளில், மேம்பட்டவை என்ற பகுதியில், கோப்பிலுள்ள படங்களைச் சுருக்காதே என்று ஒரு கட்டம் இருக்கின்றது. அதில் ஒரு சரிக்குறி இட வேண்டும். அதைப் பயிலரங்கில் எவரும் சொல்லித் தருவதில்லை. எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து விழுவது எப்படி என்பதை மட்டும் மூன்று மணி நேரம் சொல்லித் தருகிறார்கள்!

புலனக் குழுவில் வரும் படத்தை எடுத்துப் போடுவோரும் இதே குழியில்தான் விழுகின்றனர். வாட்சப் வழியே சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. இது ஒரு வரிச் செய்தி. ஒரு வரியாகவே விட்டுவிடுகிறேன்.

இனி, தமிழாசிரியன் என்ற முறையில் என் நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருகிறேன். எழுத்தைப் படமாக்கிப் பெரிதாக்குவது. ஒருங்குறி பரவாத நாள்களில் நம்மிடம் பற்பல எழுத்துருக்கள் இருந்தன. என் கணினியில் தமிழாகத் தெரிந்தது உங்கள் கணினியில் குறியீட்டுக் குப்பையாகத் தெரிந்தது. அதற்கு அஞ்சித் தமிழ்ச் சொற்களைப் படமாக்கி ஒட்டினோம். அன்று அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று எந்தக் கணினியைத் திறந்தாலும், எந்தக் கைப்பேசியைத் தொட்டாலும் தமிழ் ஒருங்குறியில் தெரிகின்றது. இருந்தும் பழைய சொல்லட்டைப் படங்களையே, பத்துக் கைமாறி, பத்து முறை சுருங்கி, பத்து முறை பெரிதாக்கப்பட்டு, முதலாம் ஆண்டு மாணவர் முன் நிறுத்துகிறோம்.

என்ன நடக்கின்றது பாருங்கள். ஓர் எழுத்து 20 புள்ளி உயரத்தில் இருந்தால், மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி இரண்டு படப்புள்ளி அளவுதான் இருக்கும். ஜேபெக் என்னும் பட வடிவம், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகின்றது. ஒளிப்படத்திற்கு அது ஏற்றது. கூர்மையான ஓரங்களைக் கொண்ட எழுத்துக்கு அது நஞ்சு. கட்டத்தைச் சுற்றிக் கறை படிகின்றது. அந்தக் கறையில் மெய்யின் புள்ளி கரைந்து போகின்றது. ‘பல்’ என்பது ‘பல’ ஆகின்றது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள சுழி வேறுபாடு அடைபட்டு, ‘கொடு’ எது, ‘கோடு’ எது என்று தெரியாமல் போகின்றது.

“எங்களுக்குத் தெரிகின்றதே!” என்பீர்கள். உங்களுக்குத் தெரியும். நாற்பது ஆண்டு தமிழ் படித்த கண் அது. சூழலை வைத்து, பக்கத்துச் சொல்லை வைத்து, விடுபட்ட புள்ளியை மனம் இட்டு நிரப்பிக்கொள்ளும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த முன்னறிவு ஏது? அதற்குத் திரையில் இருப்பது மட்டுமே தமிழ். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளும், பாலர் பள்ளியில் தமிழெழுத்தையே பார்க்காத பிள்ளைகளும் நம் முதலாம் ஆண்டு வகுப்புகளில் உட்கார்ந்திருக்கின்றனர். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்து எத்தனை நூற்றாண்டுகள் ஆகின்றன! ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். சுவடி படித்த அறிஞர்கள் அதனால் பட்ட பாடு கொஞ்சமன்று. அவர்கள் ஓலைக்கு அஞ்சினார்கள். நாம் எதற்கு அஞ்சுகிறோம்? ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யவா? தட்டச்சு செய்த எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் ஓரம் மங்காது. புள்ளி புள்ளியாகவே நிற்கும். படமாகத்தான் வேண்டும் என்றால் பிஎன்ஜி வடிவத்தில், காட்டப் போகும் அளவிலேயே சேமிக்க வேண்டும்.

எழுத்தும் எண்ணும் சுருங்கும்போது என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2013-இல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், செராக்ஸ் நிறுவனத்தின் சில வகை வருடிகளில் ஒரு கட்டட வரைபடத்தை வருடியபோது, அறைகளின் பரப்பளவைக் குறிக்கும் எண்கள் வேறு எண்களாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். மங்கவில்லை, அழியவில்லை, தெளிவாக, அழகாக, பிழையாக இருந்தன! இடத்தை மிச்சப்படுத்த, ஒன்றுபோல் தோன்றும் சிறு வடிவங்களை ஒன்றாகவே வைத்துக்கொள்ளும் சுருக்கும் முறைதான் காரணம். நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தியது. மங்கலான பிழையாவது தன்னைக் காட்டிக் கொடுக்கும். தெளிவான பிழையை யார் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியை இப்போது முன்னைவிட உரக்கக் கேட்க வேண்டியுள்ளது. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவு தெளிவாக்கித் தரும் என்று கைப்பேசிச் செயலிகள் விளம்பரம் செய்கின்றன. நம் ஆசிரியர்கள் மகிழ்ந்து போய்ப் பயன்படுத்துகின்றனர். அது தெளிவாக்குவதில்லை, ஐயா! இல்லாததை வரைந்து சேர்க்கின்றது. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஒரு மென்பொருளிடம், பராக் ஒபாமாவின் மங்கலாக்கப்பட்ட படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. முன்னாள் அதிபருக்கே அந்தக் கதி. பழைய தோட்டத்துப் பள்ளியின் கறுப்பு வெள்ளைப் படத்தில் வரிசையாக நிற்கும் நம் பாட்டன்மாரின் முகங்களை அச்செயலியிடம் கொடுத்தால், யாருடைய முகங்களைத் திருப்பித் தரும்? பள்ளியின் நூற்றாண்டு விழாவிலும் பொன்விழாவிலும் காட்டுவதற்காக இப்படி ‘மெருகூட்டப்பட்ட’ படங்கள் வரத் தொடங்கிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மரங்களும் போன பிறகு எஞ்சியவை அந்தப் படங்கள் மட்டுமே. அவற்றிலுள்ள முகங்களை மாற்றும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது? மங்கலாக இருந்தால் சிறிதாகக் காட்டுவோம். சிறிதாக, உண்மையாக.

பெரிய இடங்களிலும் இத்தவறு நடந்ததுண்டு. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் இதழ், எகிப்தியப் பிரமிடுகளின் அகலமான படத்தை உயரமான அட்டைக்குள் அடக்குவதற்காக, கணினி வழி இரண்டு பிரமிடுகளை நெருக்கி வைத்தது. உலகமே கண்டித்தது. அகலப் படத்தை உயரக் கட்டத்திற்குள் திணிப்பதுதான் அங்கும் சிக்கல். நம் படவில்லைகளில் நாள்தோறும் நடப்பதும் அதுவே. வேறுபாடு என்னவென்றால், நம்மைக் கண்டிக்க ஆளில்லை.

கொடி விவகாரத்தில் மட்டும் ஆள் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் சின் சியூ நாளேட்டின் முதல் பக்கத்தில் பிறை இல்லாத ஜாலுர் கெமிலாங் வெளியாகி நாடே கொந்தளித்தது. அதே மாதத்தில் கல்வியமைச்சு வெளியிட்ட எஸ்.பி.எம். தேர்வு முடிவு ஆய்வறிக்கையிலும் கொடியின் படம் பிழையாக இருந்ததால் அமைச்சு மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகு பள்ளிகளில் கொடிப் படம் என்றாலே எல்லாரும் அஞ்சுகின்றனர், நல்லதுதான். ஆனால் அஞ்சுகிறவர்கள் என்ன செய்கின்றனர்? பிறை இருக்கின்றதா என்று மட்டும் பார்க்கின்றனர். நம் கொடியின் உயரத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதம் 1-க்கு 2. அதை 4-க்கு 3 கட்டத்திற்குள் திணித்தால் அது நம் கொடியா? 150 புள்ளி அகலமுள்ள கொடிப் படத்தில் உயரம் 75 புள்ளி. 14 கோடுகளுக்கும் ஆளுக்கு ஐந்து புள்ளிகள்தாம் கிடைக்கும். விண்மீனின் 14 முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். “முனைகளை எண்ணுங்கள் மாணவர்களே” என்று அந்தப் படத்தின் முன் நின்று சொல்வது கேலிக்கூத்து. கொடியைக் கோட்டோவியக் கோப்பாகவே பெறலாம். எஸ்விஜி என்ற அந்த வடிவத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. அண்மைப் பதிப்புப் பவர்பாயிண்ட் அதை ஏற்றுக்கொள்கின்றது.

உருவம் கெடாமல், மங்காமல் காட்டிவிட்டால் போதுமா என்றால், போதாது என்பேன். அளவு தெரிய வேண்டும். திரையில் எறும்பும் யானையும் ஒரே உயரம். நாம் காம்பாரில் இருக்கிறோம். ஈயம் விளைந்த மண். இங்கே கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கின்றது. பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் டிடி5 என்ற ஈயமண் வாரும் கப்பல் நிற்கின்றது. 1938-இல் கட்டப்பட்டது, எடை 4,500 டன், மிதவையின் நீளம் 75 மீட்டர், அகலம் 35 மீட்டர். அதன் படத்தைப் படவில்லையில் மூன்று அங்குலச் சதுரத்திற்குள் அமுக்கி வைத்தால், நம் பிள்ளைகளுக்கு அது தகரக் கொட்டகையாகத்தான் தெரியும். அதன் அருகில் ஒரு மனிதர் நிற்கும் படத்தைப் போடுங்கள். அல்லது 75 மீட்டர் என்பது நம் பள்ளித் திடலில் எங்கிருந்து எங்கே என்று பிள்ளைகளை நடக்க வைத்துவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். கொள்ளுத்தாத்தாவோ பாட்டியோ ஈயலம்பத்தில் மண் வாரிய குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் பார்த்த பொருளின் பருமன் பேரப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

ரப்லீசியாவுக்கும் இதே கதிதான். கோப்பேங்கை அடுத்த உலு கெரோ காட்டில் பூப்பது ரப்லீசியா காண்ட்லேயி. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் வரை விரிவது சுமாத்திராவின் ரப்லீசியா அர்னோல்டி. நம் ஊர்ப் பூ அதைவிடச் சிறியது. இணையத்தில் முதலில் கண்ணில் படும் அர்னோல்டியை எடுத்துத் திரை முழுதும் நிரப்பி, “இதுதான் நம் பேராக் ரப்லீசியா” என்பது எந்த ஊர் அறிவியல்? பூவின் பக்கத்தில் ஓர் அடிக்கோல் இருக்கும் படம் ஒன்று போதும், ஆயிரம் அலங்காரப் படங்களை விட.

வரைபடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. இதைப் பல ஆசிரியர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வரைபடத்தின் கீழே ‘1 : 1,000,000’ என்று எண்ணால் எழுதப்பட்ட அளவுத்திட்டம், படத்தைப் பெரிதாக்கிய மறுகணமே பொய்யாகிவிடுகின்றது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்பது அச்சிட்ட தாளில் மட்டுமே உண்மை. இரண்டு மீட்டர் திரையில் அன்று. ஆனால் கோடாக வரையப்பட்ட அளவுத்திட்டம் படத்தோடு சேர்ந்தே வளரும். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பொய் சொல்லாது, விகிதம் கெடாத வரை. நுண்ணோக்கிப் படத்தில் ‘40 மடங்கு’ என்று எழுதுவதும் இப்படித்தான். கோடு போட்டு ‘இது 1 மில்லிமீட்டர்’ என்று எழுதிய படத்தைத் தேடி எடுங்கள்.

இனி மறுப்புகள். “நேரமில்லை” என்பது முதல் மறுப்பு. ஆசிரியர் தலையில் எத்தனை எழுத்துப்பணிகள், எத்தனை இணையப் பதிவேடுகள் சுமத்தப்பட்டுள்ளன என்பதை நான் அறியாதவன் அல்லன். அந்தச் சுமையைப் பற்றி இன்னும் காரமாக எழுதத் தயார். ஆனால் இதற்கு நேரம் வேண்டியதில்லை. படத்தைப் பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் மூலைக் கைப்பிடியைப் பிடித்து இழுப்பதற்கு ஒரு நொடியும் கூடுதலாக ஆவதில்லை. நாமே வரைந்த வட்டமோ சதுரமோ ஆனால் கூடவே ஷிப்ட் விசையை அழுத்திக்கொள்ள வேண்டும். கட்டத்திற்குள் அடங்கவில்லையென்றால் இழுக்காதீர், ஓரத்தை வெட்டுங்கள். வெட்டவும் முடியவில்லையென்றால் இடத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையான இடத்தைக் கண்டு ஏன் இத்தனை அச்சம்?

“எங்கள் பள்ளிக் கருவி பழையது” என்பது இரண்டாவது. உண்மை. தோட்டப்புறச் சிறு பள்ளிகளின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் 1024 புள்ளி அகலமே கொண்ட பழைய ஒளிவீழ்த்தியும், அதற்கேற்ற படத்தைப் போட்டால் வட்டத்தை வட்டமாகவே காட்டும். பத்தாயிரம் வெள்ளிக்கு வாங்கிய ஊடாடு திரையில் முட்டைக் கடிகாரத்தைக் காட்டுகிறவரைவிட, பழைய கருவியில் சரியான படத்தைக் காட்டுகிறவர் நல்லாசிரியர். நன்கொடை திரட்டிப் புதிய திரை வாங்கித் தரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் இதைக் காது கொடுத்துக் கேட்கட்டும்.

“பிள்ளைகளுக்குத் தெரியவா போகின்றது?” என்பது மூன்றாவது. இதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை. இப்படிக் கேட்பவர் தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாரா என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். திரட்டேடு தயாரிக்க வேண்டும் என்று பிள்ளை வந்து நின்றதும், கடையில் சொல்லி இணையத்திலிருந்து பத்துப் படங்களை அச்சடித்து வாங்கி வருகிறீர்கள். மங்கலான, நசுங்கிய பத்துப் படங்கள். உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி 4000-க்கு 3000 புள்ளி அளவில் படம் எடுக்கக்கூடியது. விடுமுறையில் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஈயக்கப்பலைப் பார்க்கச் செல்லுங்கள், அருங்காட்சியகத்திற்குச் செல்லுங்கள், ஒன்றும் முடியாவிட்டால் வீட்டுக் கொல்லையிலுள்ள வாழைப்பூவின் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். அந்த ஒரு படத்தை வகுப்புத் திரையில் முழுதாக விரித்தாலும் அது மங்காது. பிள்ளையும் எழுந்து நின்று, “இது நான் எடுத்தது, இதன் நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர்” என்று சொல்லும்.

கடைசியாக, போட்டி நடத்துவோருக்கு. ஆண்டுதோறும் படவில்லைப் போட்டிகளையும் புத்தாக்கப் போட்டிகளையும் நடத்துகிறீர்கள். மதிப்பீட்டுப் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். வண்ணத்திற்குப் புள்ளி உண்டு, அசைவூட்டத்திற்குப் புள்ளி உண்டு, பின்னணி இசைக்குக்கூடப் புள்ளி உண்டு. படம் சரியாக இருக்கின்றதா என்பதற்கு ஒரு வரி இல்லை. உருவ விகிதம் கெடாமை, தெளிவு, அளவு காட்டல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் பத்துப் புள்ளி கொடுங்கள். நீதிபதிகள் கையில் ஓர் அடிக்கோலையும் கொடுங்கள். முதல் படவில்லையில் ஒரு வட்டத்தைப் போடச் சொல்லி, குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை அளந்து பார்க்கட்டும். அடுத்த போட்டிச் சுற்றறிக்கை வரும்போது அந்த வரி இருக்கின்றதா என்றுதான் முதலில் தேடுவேன்.